இசிஜியை இயந்திரம் படித்தால் மாரடைப்பு நோயாளிக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகும்?

பிப்ரவரி 4, வாசகர் ஒருவரின் கேள்வி

அவசர சிகிச்சைப் பிரிவில் எடுக்கும் இசிஜியைச் செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் படித்து, மாரடைப்பா இல்லையா என்று சொல்லிவிடுகிறது என்கிறார்கள். அப்படியானால் மருத்துவர் வந்து பார்க்கும்வரை நோயாளி ஏன் காத்திருக்க வேண்டும்? இயந்திரம் சொன்னதை வைத்தே நேராக ஆஞ்சியோவுக்குக் கொண்டுபோய்விடலாமே?

பிப்ரவரி 4, இரவு

நேரம் எங்கே கரைகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். எஸ்டி பகுதி (ஒவ்வொரு துடிப்பின் பெரிய அலைக்குப் பின் வரும் கோடு) எழும்பித் தெளிவாகத் தெரியும் இசிஜியைப் படிக்கப் பழகிய கண்ணுக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படாது. நெஞ்சு வலிக்கிறது என்று வந்தவர் பதிவுச் சீட்டுக்காக வரிசையில் நிற்பதிலும், இசிஜி இயந்திரம் வேறொரு கட்டிலுக்குப் போயிருப்பதிலும், எடுத்த தாள் யாரும் பார்க்காமல் மேசைமேல் கிடப்பதிலும், இதயநோய் மருத்துவரைத் தொலைபேசியில் பிடிப்பதிலும், நள்ளிரவில் கேத் லேப் (ஆஞ்சியோவும் அடைப்பு நீக்கமும் செய்யும் அறை) குழுவினர் வீட்டிலிருந்து வந்து சேர்வதிலும்தான் நிமிடங்கள் போகின்றன.

நோயாளி வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துப் படித்திருக்க வேண்டும், அடைபட்ட தமனியைச் சிறு பலூனால் விரித்துத் திறக்கும் பலூன் சிகிச்சை வசதி அங்கேயே இருந்தால் வந்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறந்திருக்க வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஐரோப்பிய நெறிகள் இன்னும் இறுக்கமானவை. அத்தகைய மருத்துவமனையில் நோயைக் கண்டறிந்ததிலிருந்து 60 நிமிடம் என்கின்றன. இவ்வளவு அவசரம் ஏன் என்பதற்கு ரைமர், ஜென்னிங்ஸ் ஆகியோர் 1970களில் நாய்களின் இதயத் தமனியைக் கட்டிச் செய்த சோதனைகள் விடை தந்தன. ரத்த ஓட்டம் நின்றதும் இதயத்தசை ஒரேயடியாகச் சாவதில்லை. சாவு உட்சுவரில் தொடங்கி, மணிக்கணக்கில் வெளிச்சுவரை நோக்கிப் பரவுகிறது. அது பரவி முடிவதற்குள் அடைப்பைத் திறந்தால் மீதமுள்ள தசை பிழைக்கும். ஒவ்வொரு நிமிடத்தையும் கணக்குப் பார்ப்பது இதற்காகத்தான்.

பிப்ரவரி 5

மேலே சொன்னதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஓர் ஆய்வு உண்டு. தைவானில் ஏறத்தாழ 43,000 நோயாளிகளைக் கொண்டு நடத்தி, 2024இல் வெளியான சீரற்ற ஒப்பீட்டு ஆய்வு (யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல்போல முடிவுசெய்யும் ஆய்வு) அது. ஒரு பிரிவினரின் இசிஜியை இயந்திரம் உடனுக்குடன் படித்து, மாரடைப்பு என்று தோன்றினால் பணியிலிருக்கும் இதயநோய் மருத்துவருக்கு நேராகச் செய்தி அனுப்பியது. மற்றப் பிரிவினருக்கு வழக்கமான முறை. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களில் வாசலிலிருந்து பலூன் வரையான நேரத்தின், அதாவது நோயாளி வந்ததிலிருந்து அடைப்பைத் திறக்கும்வரை ஆன நேரத்தின், இடைநிலை அளவு 96 நிமிடத்திலிருந்து 82 நிமிடமாகக் குறைந்திருந்தது.

அந்த 14 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். இயந்திரம் மருத்துவரைவிட வேகமாகப் படித்ததால் கிடைப்பது சொற்பம். தாள் மேசைமேல் கிடந்த நேரமும், யார் யாரை அழைப்பது என்ற இழுபறியும் மறைந்ததால்தான் பெரும்பங்கு வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. வெறும் ஒழுங்கினாலேயே அந்த நேரத்தை ஏற்கெனவே மிச்சப்படுத்தியிருக்கும் மருத்துவமனைக்கு இதே அளவு லாபம் கிடைக்காது.

பிப்ரவரி 8

வேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டோம். எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தின்மேல் உண்மையான நம்பிக்கை வந்தது வேறொரு காரணத்தால், அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

மாரடைப்பை எஸ்டி உயர்வு உள்ளது, இல்லாதது என்று இரண்டாகப் பிரிக்கிறோம். முதல் வகை என்றால் உடனே கேத் லேப். இரண்டாம் வகை என்றால் மருந்து கொடுத்துவிட்டு, பெரும்பாலும் மறுநாள் ஆஞ்சியோ. இந்தப் பிரிவினைக்கு மில்லிமீட்டர் கணக்கு இருக்கிறது. இசிஜி இதயத்தைப் பல கோணங்களிலிருந்து பதிவு செய்கிறது, ஒவ்வொரு கோணமும் ஒரு லீடு. மார்பின் நடுவே பதிவாகும் வி2, வி3 லீடுகளில் 40 வயதைக் கடந்த ஆணுக்கு 2 மி.மீ., அதற்குக் குறைந்த வயதுள்ள ஆணுக்கு 2.5 மி.மீ., பெண்ணுக்கு 1.5 மி.மீ.; மற்ற லீடுகளில் 1 மி.மீ. ஆனால் ரத்தக்குழாய் நம் அளவுகோலைப் பார்த்து அடைத்துக்கொள்வதில்லை. எஸ்டி உயர்வு இல்லை என்று ஒதுக்கி வைக்கப்பட்டு, பிறகு ஆஞ்சியோ செய்யப்பட்டவர்களில் ஏறக்குறைய கால் பங்கினருக்குத் தமனி முழுவதுமாக அடைபட்டிருந்தது என்று 2017இல் வெளியான, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு தொகுப்பாய்வு காட்டியது. முழு அடைப்போடு மறுநாள்வரை காத்திருந்தவர்கள் இவர்கள். ஸ்மித், மேயர்ஸ், வைன்கார்ட் ஆகிய மூன்று மருத்துவர்கள் 2018இல் இந்தப் பிரிவினையையே கைவிட்டு, தமனி அடைபட்டிருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்போம் என முன்மொழிந்ததற்கு இதுவே அடிப்படை.

அப்படிப்பட்ட இசிஜி எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். நடுத்தர வயதுக்காரர், நெஞ்சின் நடுவே அழுத்தம், வியர்வை. தாளின் தலைப்பில் இயந்திரத்தின் பழைய மென்பொருள் ‘இயல்பான இசிஜி’ என்று அச்சிட்டிருந்தது. எஸ்டி எங்கும் எழவில்லை. ஆனால் வி3இல் கியூஆர்எஸ் அலை (இதயம் சுருங்கும்போது வரும் கூர்மையான அலை) குட்டையாக இருக்க, அதை அடுத்து வந்த டி அலை (இதயம் மின்னளவில் மீளும்போது வரும் அலை) அதைவிட அகன்று, பருத்து, உப்பியிருந்தது. தனியாக அளந்தால் அந்த டி அலை எந்த வரம்பையும் மீறவில்லை. பக்கத்திலிருந்த கியூஆர்எஸ்ஸோடு வைத்துப் பார்த்தபோதுதான் அதன் பொருத்தமின்மை தெரிந்தது. கால் மணி நேரம் கழித்து மறுபடி எடுத்த இசிஜியில் எஸ்டி எழும்பத் தொடங்கிவிட்டது. ஆஞ்சியோவில் இதயத்தின் முன்புறம் இறங்கும் இடது தமனி முழு அடைப்பு.

மாதிரிகள் என்று அழைக்கப்படும் புதிய செயற்கை நுண்ணறிவு நிரல்களின் பலம் இங்கேதான் இருக்கிறது. மனிதர் எழுதிக்கொடுத்த மில்லிமீட்டர் விதி அவற்றுக்கு இல்லை. ஆஞ்சியோவில் தமனி அடைபட்டிருந்ததா என்ற முடிவோடு இணைத்து ஆயிரக்கணக்கான இசிஜிகள் அவற்றுக்குக் கற்பிக்கப்படுகின்றன. 2024இல் பல நாட்டு நோயாளிகளிடம் சோதிக்கப்பட்ட அத்தகைய ஒரு மாதிரி, அடைபட்ட தமனிகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை முதல் இசிஜியிலேயே பிடித்தது. அதே இசிஜிகளில் எஸ்டி விதி பிடித்தது ஏறத்தாழ 32 விழுக்காடு.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் ‘அடைப்பு’ என்றால் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ‘இயல்பு’ என்றால் அதை வைத்து எதையும் முடித்துவிடக் கூடாது. 80 விழுக்காட்டைப் பிடித்தது என்றால் மீதி 20 விழுக்காடு தப்பியிருக்கிறது.

பிப்ரவரி 9

இது நேற்று முளைத்த தொழில்நுட்பம், பத்து ஆண்டு போகட்டும் பார்க்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். 1991இலேயே வில்லியம் பாக்ஸ்ட் என்ற மருத்துவர் நெஞ்சு வலியோடு வந்த 331 நோயாளிகளிடம் ஒரு செயற்கை நரம்பு வலையமைப்பை (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணினி நிரலை) சோதித்து, மாரடைப்பைக் கண்டறிவதில் உணர்திறன் (நோய் உள்ளவரைப் பிடிப்பது) 97 விழுக்காடு, தனித்தன்மை (நோய் இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொல்வது) 96 விழுக்காடு என்று அறிக்கை வெளியிட்டுவிட்டார். முப்பது ஆண்டுகளாக அது படுக்கையருகே வராததற்கு, கணிதம் போதவில்லை என்பது காரணமில்லை என்றே நினைக்கிறேன். நோயாளியின் விவரங்களையும் இசிஜியின் கூறுகளையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உள்ளிட வேண்டிய எந்தக் கருவியும் கூட்டம் நிறைந்த அவசர அறையில் நிலைக்காது. இப்போது இசிஜி அலையே நேராக மாதிரிக்குப் போய்விடுகிறது.

பிப்ரவரி 12

நேராக ஆஞ்சியோவுக்குக் கொண்டுபோகலாமே என்ற பகுதிக்கு இன்னும் பதில் எழுதவில்லை. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

நெஞ்சு வலி என்று 1,000 பேர் வருகிறார்கள். அவர்களில் 20 பேருக்குத்தான் தமனி முழுமையாக அடைபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உணர்திறன் 90 விழுக்காடு, தனித்தன்மை 95 விழுக்காடு உள்ள மிக நல்ல இயந்திரம் நம்மிடம் இருக்கிறது. அது 20 பேரில் 18 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேரில் 5 விழுக்காட்டினரை, அதாவது 49 பேரை, தவறாக அடைப்பு என்று சொல்லும். எச்சரிக்கை மணி 67 முறை அடிக்கும். அதில் உண்மையானது 18, அதாவது நான்கில் ஒன்றுக்குச் சற்றே அதிகம். நேராகக் கொண்டுபோனால் 49 பேருக்குத் தேவையில்லாத ஊடுருவல் சிகிச்சை நடக்கும். இரவில் குழுவை எழுப்பி எழுப்பி, மூன்றாம் மாதத்தில் அவர்கள் மணியையே நம்பாமல் போவார்கள். பிறகு அந்த 18 பேருக்கும் தாமதம் வரும்.

மனிதர்களின் முடிவிலும் பொய் எச்சரிக்கை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். எஸ்டி உயர்வு மாரடைப்பு என்று மருத்துவர்கள் முடிவெடுத்து கேத் லேப்புக்கு அனுப்பிய 1,335 பேரை ஆராய்ந்த 2007ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், 14 விழுக்காட்டினருக்குக் காரணமான தமனி எதுவும் தென்படவில்லை. ஆனால் தவறான அனுப்புதல்களிலும் எல்லாம் ஒன்றல்ல. வீணான ஆஞ்சியோ பெரும்பாலும் செலவோடும் அசௌகரியத்தோடும் போய்விடும். பெருந்தமனியின் சுவர் கிழிந்து வரும் வலியை மாரடைப்பு என்று எண்ணி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் உயிரே போகலாம். முதுகைக் கிழிப்பது போன்ற வலியா என்று கேட்பதும், இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்ப்பதும் இசிஜி அலைக்குள் இல்லாத தகவல்கள்.

பிப்ரவரி 12, சற்றுக் கழித்து

மேலுள்ள கணக்கில் ஒரு முக்கியமான திருப்பம் விட்டுப்போயிருக்கிறது. 1,000 பேருக்கும் பதிலாக, வியர்த்து, வெளுத்து, அழுத்தமான வலியோடு வந்த 100 பேரிடம் மட்டும் அதே இயந்திரத்தை வைத்து, அவர்களிலும் 20 பேருக்கு அடைப்பு இருப்பதாகக் கொண்டால், சரியான எச்சரிக்கை 18, பொய்யானது 4. இயந்திரம் மாறவில்லை, யாரிடம் வைக்கிறோம் என்பது மாறியது. கட்டிலருகே நின்று வலியைப் பற்றி விசாரிக்கும் இரண்டு நிமிடம் தரும் பலன் இது.

பிப்ரவரி 16

இயந்திரம் ‘இல்லை’ என்று சொல்வதை ஏற்கக் கூடாது என்று 8ஆம் தேதி எழுதியதற்கு ஓர் எல்லை போட வேண்டியிருக்கிறது. அது இசிஜிக்கு மட்டும் பொருந்தும். ரத்தப் பரிசோதனையில் நிலைமை வேறு.

இதயத்தசை சிதையும்போது அதிலுள்ள ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசிகிறது. இப்போதைய உயர் உணர்திறன் பரிசோதனை மிக நுண்ணிய அளவையும் காட்டிவிடுவதால், வந்தவுடன் ஒன்று, ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று என்று எடுத்துப் பெரும்பாலானோருக்கு மாரடைப்பு இல்லை என்று சொல்ல முடிகிறது. ஆனால் எல்லாருக்கும் ஒரே வரம்பு என்பதில்தான் சிக்கல். சிறுநீரகம் கெட்டவருக்கும் முதியவருக்கும் மாரடைப்பு இல்லாமலே அளவு கூடியிருக்கும். வலி தொடங்கி அரை மணியில் ஓடி வந்தவருக்கு மாரடைப்பு இருந்தும் அளவு ஏறியிருக்காது. எடின்பரோ பல்கலைக்கழகக் குழு உருவாக்கி 2023இல் வெளியிட்ட மாதிரி ஒன்று, வயது, பாலினம், வலி தொடங்கிய நேரம், இசிஜி, சிறுநீரக நிலை போன்றவற்றோடு ட்ரோபோனின் எண்ணைச் சேர்த்து அந்த ஒருவருக்கான நிகழ்தகவைக் கணக்கிடுகிறது. முதல் பரிசோதனையிலேயே 61 விழுக்காட்டினரை மாரடைப்புக்கு வாய்ப்புக் குறைந்தவர்கள் என்று அதனால் பிரிக்க முடிந்தது. ஒரே வரம்பை வைத்துப் பிரித்தபோது அது 27 விழுக்காடு. பிரிக்கப்பட்டவர்களில் மாரடைப்பு தப்பிப்போன விகிதம் இரண்டு முறைகளிலும் ஏறக்குறைய ஒன்றே.

கட்டில் கிடைக்காமல் நடைபாதையில் நோயாளிகள் காத்திருக்கும் இரவுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வீட்டுக்குப் போகத்தக்கவர் சீக்கிரம் போனால், உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவருக்குக் கட்டிலும் கண்காணிப்பும் சீக்கிரம் கிடைக்கின்றன.

பிப்ரவரி 17

பெண்களுக்கு இது நியாயமாக நடக்குமா என்று கேட்டவருக்கு.

2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மாரடைப்போடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களில் 2.1 விழுக்காட்டினர் தவறுதலாக வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். 55 வயதுக்குட்பட்ட பெண்களும், வெள்ளையரல்லாதவர்களும், இசிஜி இயல்பாக இருந்தவர்களும், மூச்சுத்திணறலையே முதன்மைக் குறையாகச் சொன்னவர்களும் அப்படி அனுப்பப்படும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ட்ரோபோனின் வரம்பிலும் வேறுபாடு உண்டு. பரவலாகப் பயன்படும் ஒரு ட்ரோபோனின் ஐ பரிசோதனையில் லிட்டருக்கு ஆணுக்கு 34 நானோகிராம், பெண்ணுக்கு 16.

என் கவலை இன்னும் ஆழமான ஓரிடத்தில் இருக்கிறது. ஆஞ்சியோ முடிவை வைத்து இயந்திரத்துக்குக் கற்பிக்கிறோம் என்று முன்பு பாராட்டி எழுதினேன். ஆனால் ஆஞ்சியோவுக்கு அனுப்பப்பட்டவர்களின் முடிவு மட்டும்தான் பதிவேட்டில் இருக்கும். தாடை வலி, களைப்பு, குமட்டல் என்று வந்து, வாயுத் தொல்லை என்று மருந்து எழுதி அனுப்பப்பட்ட பெண்ணின் இசிஜி அந்தத் தொகுப்பில் சேர்ந்திருக்காது. சேர்ந்திருந்தால் ‘மாரடைப்பு இல்லை’ என்ற பெயரோடு சேர்ந்திருக்கும். நாம் பார்க்காமல் விட்டவரை இயந்திரமும் பார்க்கக் கற்காது. எந்த மருத்துவமனையும் இப்படியொரு மாதிரியை வாங்குமுன், பெண்களிடமும் இளையோரிடமும் முதியோரிடமும் தனித்தனியாக அது எப்படி நடந்துகொண்டது என்ற எண்களைக் கேட்டு வாங்க வேண்டும். மொத்த எண்ணை மட்டும் காட்டினால் ஒப்புக்கொள்ளக் கூடாது.

பிப்ரவரி 21

இசிஜி எடுக்கும் கையைப் பற்றி யாருமே கேட்கவில்லை. வி1, வி2 மின்முனைகள் மார்பெலும்பின் இரு பக்கமும் நான்காவது விலா இடைவெளியில் ஒட்டப்பட வேண்டும். அவசரத்தில் இரண்டாவது இடைவெளியில் ஒட்டுவது அடிக்கடி நடக்கிறது. அலையின் வடிவமே மாறிவிடும். வியர்த்த மார்பில் மின்முனை வழுக்கும், துடைத்துவிட்டு ஒட்டினால்தான் நிற்கும். துடைக்காமல் எடுத்தால் அடிக்கோடு மேலும் கீழும் அலையும். வலது, இடது கைக் கம்பிகள் இடம் மாறினால் ஒன்றாம் லீடு தலைகீழாகும். நல்ல செவிலியர் தாள் வெளியே வரும்போதே அதைக் கண்டுபிடித்து மறுபடி எடுத்துவிடுவார். இயந்திரமோ தனக்குக் கொடுத்ததைப் படித்துத் தயக்கமில்லாமல் ஒரு விழுக்காட்டைச் சொல்லும். வாங்கும் பணத்தில் ஒரு பங்கை இசிஜி எடுப்பவர்களின் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என்று நான் வாதாடுவது இதனால்தான்.

பிப்ரவரி 22

முடிவு தவறினால் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குச் சுருக்கமாக: கையொப்பமிடும் மருத்துவருடையது. ஆகவே இயந்திரம் எந்த லீடைப் பார்த்து அப்படிச் சொன்னது என்று காட்டக் கேட்கும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும்.

பிப்ரவரி 27

பெரிய மருத்துவமனைகளையே மனத்தில் வைத்து எழுதி வந்திருக்கிறேன். கேத் லேப் இல்லாத சிறிய மருத்துவமனையில், இதயநோய் நிபுணர் எவரும் அருகில் இல்லாமல், ஒற்றை மருத்துவர் இரவுப் பணியில் இருக்கும் இடத்துக்குத்தான் இந்த உதவி அதிகம் தேவை. அங்கே இருந்த நாட்களில் சந்தேகமான இசிஜியைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். நல்ல மாதிரி ஒன்று அருகில் இருந்தால், 120 நிமிடத்துக்குள் பலூன் சிகிச்சை நடக்கும் இடத்துக்கு நோயாளியை அனுப்ப முடியுமா, முடியாதென்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை இங்கேயே போடுவதா என்ற முடிவை அவர் சீக்கிரம் தொடங்கலாம்.

ஆனால் அந்த ஊசி வரும் இடத்தில் நான் நிதானிக்கிறேன். மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவை நெருங்கும். தவிர, அந்த மருந்தின் பயனைத் தொகுத்துக் காட்டிய 1994ஆம் ஆண்டுப் பேராய்வில் எஸ்டி உயர்வு உள்ளவர்களும், கிளைக்கட்டை அடைப்பு (இதயத்துக்குள் மின்தூண்டலைக் கொண்டுசெல்லும் கிளையில் தடை) உள்ளவர்களும்தான் பயன் பெற்றார்கள். எஸ்டி இறக்கம் மட்டும் இருந்தவர்களுக்குப் பயன் தெரியவில்லை. எஸ்டி உயர்வு இல்லாமலே ‘அடைப்பு’ என்று இயந்திரம் சொல்லும் நோயாளியை வேகமாக ஆஞ்சியோவுக்கு அனுப்புவதை ஆதரிப்பேன். அவருக்கு இயந்திரத்தின் சொல்லை மட்டும் நம்பி ஊசி போடுவதை ஆதரிக்க மாட்டேன். ஒரே எச்சரிக்கைக்கு இடத்துக்கு ஏற்ப இரண்டு வேறு செயல்கள் வேண்டும். மென்பொருளை நிறுவுகிறவர்கள் இதை முன்கூட்டியே மருத்துவமனையோடு பேசி எழுதி வைக்க வேண்டும்.

மார்ச் 2

நோயாளியின் வீட்டார் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். பழைய இசிஜி இருந்தால் கொண்டுவாருங்கள். புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனிதருக்குப் பாதிச் சந்தேகம் தீரும், ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியுள்ள இயந்திரத்துக்கும் உதவும். முதல் இசிஜி இயல்பு என்று சொல்லப்பட்டும் வலி விடவில்லை என்றால், கால் மணியிலிருந்து அரை மணிக்குள் மறுபடி எடுக்கும்படி தயங்காமல் கேளுங்கள். வழிகாட்டு நெறிகளே அதைச் சொல்கின்றன. வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைச் சரியாக நினைவில் வைத்துச் சொல்லுங்கள், விட்டு விட்டு வந்ததென்றால் கடைசியாக விடாமல் பிடித்துக்கொண்ட நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். 16ஆம் தேதி எழுதிய ட்ரோபோனின் கணக்கில் அந்த நேரமும் ஓர் உள்ளீடு. அதை நோயாளியோ உடன் வந்தவரோ சொன்னால்தான் உண்டு.